நல்லதண்ணிக்காரர்

தூத்துக்குடிக் கடற்கரையில் தண்ணீர் என்ற சொல் தனித்து வழங்குவதில்லை. அது உப்புத்தண்ணியாகவோ நல்லதண்ணியாகவோதான் வாயில் வரும். முன்னது தொழில் நடக்கும் இடம். பின்னது தொழிலுக்குப் போகிறவர் குடிப்பதற்கும் சோறு பொங்குவதற்கும் உரியது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுள், வேம்பாற்றுக் கூட்டத்தில் மட்டும், உப்புத்தண்ணித் தீவு என்று ஒன்றும் நல்லதண்ணித் தீவு என்று ஒன்றும் இருப்பதைப் பார்த்தால், இக்கரையின் முன்னோர் ஒரு நிலத்துக்குப் பெயர் வைக்கும்போது அதன் மரத்தையோ மணலையோ நோக்காமல் நாக்கை நீட்டிப் பார்த்தே பெயர் வைத்தனர் என்று கொள்ளத் தோன்றுகிறது. அந்த நாக்கின் நேர் வாரிசாகத் தம்மைக் கருதிக்கொண்டு, படகு கட்டும் இடங்களிலும் கரையேற்றும் இடங்களிலும் உலவும் ஒருவகை மனிதரே இங்கு நல்லதண்ணிக்காரர் எனப்படுகிறார்.

இவர் பெரும்பாலும் கடலுக்குப் போவதை நிறுத்திவிட்டவர். முன்பு பண்டாரியாக, அதாவது படகில் சமையலுக்கும் குடிநீருக்கும் பொறுப்பாளராக இருந்தவர். எஞ்சினைப் பற்றிப் பேச மெக்கானிக் இருக்கிறார், வலையைப் பற்றிப் பேச ஊரே இருக்கிறது, தண்ணீர்த் தொட்டியைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை என்று இவர் கண்டுகொண்ட நாளிலிருந்து இவருடைய இரண்டாம் வாழ்க்கை தொடங்குகிறது. விடியலில் போய் அன்றிரவே திரும்பும் தூத்துக்குடி இழுவைப் படகுகளை இவர் ஒரு பொருட்டாக மதிப்பதில்லை. ஒரு குடம் தண்ணீரோடு போய்வருவது இவர் கணக்கில் கடற்பயணமே ஆகாது. தருவைகுளத்தின் தங்குகடல் படகுகள், அதாவது பல நாள் கடலிலேயே கிடந்து வலை விடும் படகுகள், இவருடைய ஆட்சிப்பகுதி.

ஆட்சிக்காலம் ஆண்டுக்கு 61 நாள். கிழக்குக் கடற்கரையில் மீன்கள் இனம் பெருக்குவதற்காக விசைப்படகுகளுக்கு விதிக்கப்படும் மீன்பிடித் தடைக்காலம், தமிழ்நாட்டில் 2001ஆம் ஆண்டு 45 நாளாகத் தொடங்கி, 2017இல் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என நீட்டப்பட்டது. அரசு இதை மீனுக்காகச் செய்தது என்று ஏனையோர் நம்புகின்றனர். தொட்டி கழுவ 45 நாள் போதாது என்று தாம் சொல்லிவந்ததன் பயனே அந்தப் பதினாறு நாள் என்பது நல்லதண்ணிக்காரரின் துணிபு.

படகை ஓய்வுக்கு நிறுத்துமுன் அதன் நல்லதண்ணி அமைப்பைக் காலிசெய்வது உலகெங்கும் உள்ள வழக்கமே என்பதை இங்குச் சொல்லவேண்டும். குளிர்நாடுகளில் அதற்குக் காரணம் பனி. தண்ணீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு கூடுவதால், குழாயிலும் பம்பிலும் தங்கிவிட்ட தண்ணீர் உள்ளிருந்தே அவற்றைப் பிளந்துவிடுகிறது. ஆகவே அங்குள்ளோர் குளிர்காலத்துக்கு முன்பு தொட்டியை வடித்து, உறையாத் திரவம் ஒன்றைக் குழாய்களில் ஓட்டிவைக்கின்றனர். மார்கழி இரவிலும் விசிறி சுழலும் தூத்துக்குடியில் இந்த அச்சத்துக்கு இடமில்லை. இவ்வூரில் பனி என்பது ஐஸ் கம்பெனியிலிருந்து வைக்கோல் ஒட்டிக்கொண்டு வரும் ஐஸ் பாரிலும், கோடையில் உரோமையில் பனி பெய்ததாகக் கூறும் ஐதிகத்தால் பெயர் பெற்று, ஆகஸ்ட் 5 அன்று திருவிழாக் காணும் பனிமய மாதாவின் பெயரிலும் மட்டுமே உள்ளது. இங்குள்ள பகை வெயில். தேங்கிய தண்ணீரில் வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், மூடி சரியில்லையென்றால் கொசு முட்டையிடும், இரண்டும் இல்லையென்றாலும் இரண்டு மாதத்தில் தொட்டி நாறும்.

ஆயினும் வெளிநாட்டுக் கப்பலில் வேலைபார்க்கும் மருமகன் ஒருவர் இவருக்கு எப்படியும் இருப்பார். அவர் ஏதோ ஒரு குளிர்த் துறைமுகத்திலிருந்து கைப்பேசியில் அனுப்பிய காட்சியில், சிறு படகொன்றின் குழாய்வழியே ரோஸ் நிறத் திரவம் ஓடுவதைக் கண்ட நாள்முதல், அந்தத் திரவம் இல்லாத ஊர் ஊரே அல்ல என்ற முடிவுக்கு நல்லதண்ணிக்காரர் வந்துவிடுகிறார். குடிநீர்க் குழாய்க்கென்றே விற்கப்படும் அத்திரவம் புரோப்பிலீன் கிளைக்கால் கலந்தது, நச்சற்றது. உதிரிபாகக் கடைகளில் ரேடியேட்டருக்கு என்று கிடைப்பதோ பெரும்பாலும் எத்திலீன் கிளைக்கால், இனிக்கும் நஞ்சு. இந்த வேறுபாட்டை விளக்கிய கடைக்காரரிடம், "அப்போ நம்ம ஊருக்கு ரோஸ் மில்க்தான் ஊத்தணும் போலிருக்கு" என்று சொல்லிவிட்டு இவர் வெளியேறுவார். ஆனால் அடுத்த ஆண்டும் அதே கடையில் அதே கேள்வியைக் கேட்பார்.

இவரைக் கேலிக்குரியவராக மட்டும் எண்ணிவிடக் கூடாது என்பதற்குத் தொட்டி வடிக்கும் காட்சியே சான்று. படகு மிதக்கும்போது எந்த மூலை தாழ்ந்திருக்குமோ அந்த மூலையில்தான் தொட்டியின் வடிகால் அடைப்பான் வைக்கப்படும். அதே படகைக் கரையேற்றி, அணியம், அதாவது முன்பகுதி, உயரும்படி கட்டைகொடுத்து நிறுத்தியபின், தாழ்ந்த மூலை வேறொன்றாகிவிடுகிறது. அடைப்பானைத் திறந்து, தண்ணீர் நின்றதும் "காலி" என்று அறிவிக்கும் இளைஞரை இவர் பதில் பேசாமல் பார்ப்பார். பிறகு மேல்மூடியைக் கழற்றி, சட்டையைக் களைந்து, ஒரு கையைத் தோள்வரை உள்ளே விட்டு, கன்னம் தொட்டிச் சுவரில் அழுந்த, கண்ணை மூடிக்கொண்டு, பின் மூலையிலிருந்து சிரட்டை சிரட்டையாகத் தண்ணீரை மொண்டு எடுப்பார். ஒவ்வொரு சிரட்டையும் இளைஞரின் காலடியில், வேண்டுமென்றே, ஊற்றப்படும்.

"ஏலே, காலின்னியே, இது என்னது?"

"தண்ணி, அண்ணாச்சி."

"எத்தன சிரட்ட?"

"பன்னெண்டு, அண்ணாச்சி."

சிரட்டைக்கு எட்டாத மிச்சத்தைப் பழைய கைலித் துணியில் ஒற்றிப் பிழிவார். துணியை மோந்து பார்ப்பார். அருகில் நிற்பவரையும் மோக்கச் சொல்வார். மறுக்க முடிந்தவர் அரிது.

அடுத்தது வால்வு. கால் திருகலில் மூடித் திறக்கும் பால் வால்வின் உள்ளே துளையிட்ட உருண்டை ஒன்று உண்டு. மூடிய நிலையில் அத்துளைக்குள்ளும் உருண்டையைச் சுற்றியும் ஒரு மிடறு தண்ணீர் சிறைப்பட்டுவிடும். குளிர்நாட்டில் அந்த ஒரு மிடறு உறைந்து வால்வை உடைக்கும். இங்கு அது அழுகி, முதல் நாள் சோற்றின் மணத்தைக் கெடுக்கும். ஆகவே வால்வைப் பாதி திறந்த நிலையில் விடவேண்டும் என்பது நல்லதண்ணிக்காரரின் தலையாய விதி. திறந்து கிடக்கும் எதையும் மூடிவிட்டுப் போவது ஒழுங்கு என்று வீட்டில் வளர்க்கப்பட்ட யாரோ ஒருவர் தினமும் அதை மூடிவிட்டுப் போவார். இருவரும் நேரில் சந்தித்துக்கொள்வதே இல்லை. 61 நாளும் அந்தக் கைப்பிடியின் வழியாகவே அவர்கள் சண்டை நடக்கும். மூடியைச் சற்றே விலக்கி, காற்றுப் போகவும் கொசு போகாதிருக்கவும் இவர் கட்டிவைக்கும் பழைய பனியன் துணி மட்டும் எவராலும் தொடப்படுவதில்லை. அதற்குக் காரணம் அத்துணியின் தோற்றமே.

ஜூன் மாதம் பிறந்தால் மருந்து போடும் கட்டம். 500 லிட்டர்த் தொட்டியை நுண்ணுயிர் நீங்கக் கழுவுவதற்கு, லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் என்று வைத்துக்கொண்டால், 25 கிராம் குளோரின் வேண்டும். புதிய பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்கே குளோரின் என்பதால் தேவைப்படும் தூள் ஏறத்தாழ 75 கிராம். அதைக் கரைத்து ஊற்றி, குழாய்களிலும் ஓடவிட்டு, ஓர் இரவு நிறுத்தி, வடித்து, நல்லதண்ணியால் இருமுறை அலசவேண்டும். நல்லதண்ணிக்காரர் கிராம் அறியாதவர். அவருடைய அளவு கைப்பிடி. சென்ற ஆண்டு வாங்கி ஈரக்காற்றில் கிடந்த தூள் வீரியம் இழந்திருக்கும் என்று, சரியாகவே, கருதி ஒரு பிடி கூட்டுவார். புதுத்தூளை நம்ப முடியாது என்று அதற்கும் ஒரு பிடி கூட்டுவார். இதன் விளைவாகச் சில படகுகளின் தொட்டியருகே நின்றால், நகராட்சி நீச்சல்குளத்தின் ஓரத்தில் நிற்பதுபோன்ற உணர்வு தோன்றும்.

தடை முடியும் நாள் மாலையில் தொட்டி நிரப்பப்படுகிறது. வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீரா, லாரித் தண்ணீரா என்ற விசாரணை முடிந்து, முதல் டம்ளரை இவரே பிடிப்பார். சம்மாட்டி, அதாவது படகின் உரிமையாளர், ஓட்டுநர், வலைக்காரர் அனைவரும் சுற்றி நிற்க, ஒரு வாய் உள்ளே போகும். அது தொண்டையைக் கடக்கும் வரை எவரும் பேசுவதில்லை. "லேசா மருந்து வாசம் இருக்கு. மூணு நாள்ல போயிரும்" என்பது ஆண்டுதோறும் மாறாத தீர்ப்பு.

அத்தொட்டித் தண்ணீரைப் படகில் ஒருவரும் குடிப்பதில்லை. தட்டு கழுவவும் உப்பு போக உடம்பை அலசவும் மட்டுமே அது பயன்படுகிறது, குடிப்பதற்கு இருபது லிட்டர் கேன்கள் வந்து பல ஆண்டுகளாகின்றன. இது நல்லதண்ணிக்காரருக்குத் தெரியாத செய்தி அன்று. பயணத்துக்கான சாமான் பட்டியலை எழுதுபவர் இன்றும் அவரே. அரிசிக்கும் மிளகாய்த்தூளுக்கும் மேலே, பட்டியலின் முதல் வரியில், அழுத்தி எழுதி அடிக்கோடிடப்பட்டிருப்பது: கேன் தண்ணி, 10.