பாடி வேறு, சேஸிஸ் வேறு: ஹெரால்டு காரைத் தூக்கிப் பிரித்தல் குறித்து ஓர் ஆராய்ச்சி

காரைக் கழுவுவது, காருக்கு எலுமிச்சம்பழம் கட்டுவது, காரை நிழலில் நிறுத்துவது ஆகிய துறைகளில் தமிழர்தம் புலமை உலகறிந்தது. ஆனால் காரின் பாடியைச் சேஸிஸிலிருந்து வீட்டு ஷெட்டிலேயே தூக்கி எடுப்பது என்னும் பொருண்மையில் முறையான ஆராய்ச்சி எதுவும் எம் கண்ணில் பட்டதில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

முதலில் ஆய்வெல்லை. அம்பாசடரும் ஃபியட்டும் இதற்குள் வாரா. அவற்றில் பாடியே சேஸிஸ். தூக்கினால் முழுக் காரும்தான் வரும். அக்காலத்து நம் சாலைகளில் ஓடிய மூன்று கார்களுள் தனிச் சேஸிஸ் கொண்டது ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஒன்றே. ஆகவே இவ்வாய்வு ஹெரால்டைப் பற்றியது. ஜீப்பும் லாரியும் வேறு சாதி. அவற்றைத் தூக்குவது தொழில், ஹெரால்டைத் தூக்குவது பக்தி.

இனி வரலாறு. உலகமே தனிச் சேஸிஸைக் கைவிட்டுக்கொண்டிருந்த காலத்தில், 1959இல், இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு-டிரையம்ஃப் கம்பெனி ஏன் அதைப் பிடித்துத் தொங்கியது? பொறியியல் ஞானம் என்று நினைப்போர் ஏமாறுவர். ஸ்டாண்டர்டுக்கு பாடி செய்து கொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனியை 1953இல் போட்டிக் கம்பெனியான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே கூடாகச் செய்து கொடுக்க ஆளில்லை. ‘துண்டு துண்டாகச் செய்வோம், போல்ட் போட்டுச் சேர்ப்போம், அடியில் ஒரு சேஸிஸ் வைத்து எல்லாவற்றையும் தாங்கச் செய்வோம்’ என்று முடிவாயிற்று. இத்தாலிய வடிவமைப்பாளர் மிக்கேலோட்டி அதற்கு அழகான சட்டை தைத்தார். துண்டுகளாக வருவதால் வெளிநாட்டில் கோப்பதும் எளிது. 1961 முதல் சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் ஹெரால்டு உருவாகத் தொடங்கியது. எங்கோ ஒரு கம்பெனி கைமாறியதன் பலனாகத்தான் இன்று மாம்பலத்து ஷெட் ஒன்றில் ஒருவர் மல்லாந்து படுத்துக் கண்ணில் துருவை வாங்கிக்கொண்டிருக்கிறார். வரலாற்றின் காரண காரியத் தொடர்பு இவ்வளவு துல்லியமாக வேறெங்கும் வெளிப்பட்டதில்லை.

தூக்கும் முறையில் மூன்று சம்பிரதாயங்கள் உண்டு. அத்வைதிகளுக்கு பாடி ஒன்றே. மூக்கோடு சேர்ந்து முன்னால் கவிழும் அந்தப் பெரிய பானட்டை மட்டும் கழற்றி வைத்துவிட்டு, மற்றதை முழுதாகத் தூக்குவார்கள். துவைதிகள் இதை ஏற்பதில்லை. முன்பாகம் வேறு, பின்பாகம் வேறு, தரையில் குறுக்காக ஓடும் போல்ட் வரிசையே அதற்குப் பிரமாணம் என்பார்கள். இரண்டாகப் பிரித்தால் சுமை குறையும் என்பது உண்மை. ஆனால் திரும்பக் கோக்கும் நாளில் கதவுகள் துவைதிகளைப் பழிவாங்கும். மேலே ஒரு விரல் இடைவெளி, கீழே ஒரு தீப்பெட்டி இடைவெளி. விசிஷ்டாத்வைதிகள் நடுவழிக்காரர்கள். ஹெரால்டின் கூரையும் போல்ட்டில்தான் நிற்கிறது. அதை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தை ஒன்றாகத் தூக்குகிறார்கள். கூரை போனதும் பாடி நடுவில் தொய்யும் என்பதால், கதவுகள் இருந்த வாயில்களில் குறுக்கே இரும்புப் பைப் வைத்துப் பற்றவைத்துக்கொள்வார்கள். எம் வாக்கு இவர்களுக்கே.

அடுத்து போல்ட். இது தனி நூலுக்குரிய பொருள். கடற்காற்றில் பல ஆண்டு நின்ற வண்டியில் போல்ட் என்பது பெயரளவில்தான். பார்த்தால் பழுப்பு நிறத்தில் ஒரு கட்டி. கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் ஆறு முனையில் மூன்று தெரியும். மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ராத்திரி ஊற்றி வைத்து, காலையில் ரிங் ஸ்பேனர் போட்டால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் வரும். அது போல்ட் இளகிய சத்தமா, தலை முறிந்த சத்தமா என்பதைக் காதால் கண்டுபிடிப்பவரே மெக்கானிக். மற்றவர்கள் கையால் தடவிப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம். இளகிவிட்டது என்று நீங்கள் மகிழும்போது, மேலே பெட்டிக்குள் அடைபட்ட நட்டும் கூடவே சுற்றிக்கொண்டிருக்கும். அப்போது கிரைண்டரைத் தவிர வேறு கதியில்லை.

பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவே ரப்பரும் தகடுமாகச் சில பேக்கிங்குகள் இருக்கும். ஒரு மூலையில் ஒன்று, இன்னொரு மூலையில் மூன்று. பார்ப்பவருக்குக் குப்பை. ஆனால் கதவு சத்தமில்லாமல் மூடுவதும் மூடாததும் இவற்றின் கையில் இருக்கிறது. எந்த மூலையில் எத்தனை என்று எழுதிக் கட்டி வைக்காதவர்கள், பின்னாளில் காலண்டர் அட்டையை வெட்டிச் செருகுவதை நாடறியும்.

இங்கே எம் மையக் கருதுகோளுக்கு வருகிறோம். பாடியைப் பிடித்து நிறுத்துவது அதன் கனமன்று. உள்ளே சீட், கண்ணாடி, டேங்க் எல்லாம் போன பிறகு ஆறு பேர் தாராளமாகத் தூக்கலாம். பிடித்து நிறுத்துவது மறந்துபோன ஒன்று. ஸ்டீயரிங் ராடு, கிளட்ச் பிரேக் பைப்புகள், ஆக்ஸிலரேட்டர், சோக், ஸ்பீடாமீட்டர் கேபிள், பெட்ரோல் பைப், ஹார்னுக்குப் போகும் ஒயர் எல்லாம் கழற்றியாயிற்று என்று சத்தியம் செய்வார்கள். ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ சொன்னதும் மூன்று மூலை எழும்பும், நான்காவது எழாது. ஆறு பேரும் மூச்சைப் பிடித்து நிற்க, ஒருவர் குனிந்து பார்த்துச் சொல்வார்: “சார், எர்த் ஒயர் இருக்கு சார். விட்டுடாதீங்க, அப்படியே பிடிங்க.” அதுவரை அந்த ஒயரை யாரும் கண்டதில்லை.

இனித் தூக்குவோர் இயல். ஆறு பேரை அழைத்தால் எட்டுப் பேர் வருவர், நால்வர் தூக்குவர். ஒருவர் கையை பாடியில் வைத்திருப்பார். அது ஆசீர்வாதம், விசை அன்று. ஒருவர் பக்கத்து வீட்டு மாமா. “அந்தப் பக்கம் இறங்குது பாரு” என்று இரு பக்கத்தாரிடமும் சொல்வார். ஒருவர் போட்டோ எடுப்பார். இன்னொருவர் காபி வந்ததா என்று பார்க்கப் போயிருப்பார்.

தூக்கிய பாடியைத் தூக்கிக்கொண்டே நடக்க முயல்வது பேரறியாமை. சக்கரத்தோடு நிற்கும் சேஸிஸுக்கு நடக்கத் தெரியும், பாடிக்குத் தெரியாது. எனவே பாடியை இரண்டடி மேலே நிறுத்தி, இருபுறமும் டிரம்மோ மர முக்காலியோ போட்டு, நீளமான சவுக்குக் கட்டைகளைக் குறுக்கே கொடுத்துத் தாங்கவிட்டு, சேஸிஸை வெளியே உருட்டிவிட வேண்டும். செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி முட்டுக் கொடுப்பது கூடவே கூடாது; அவை சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஷெட் உத்தரத்தில் செயின் புல்லி மாட்டுவதாக இருந்தால், உத்தரம் காருக்கு முன்பே பிறந்தது என்பதை நினைவில் கொள்க. பாடி தொங்கும்போது அடியில் யாரும் தலை கொடுக்க வேண்டாம். இதில் மட்டும் எமக்குக் கேலி இல்லை.

பாடி அந்தரத்தில் நின்ற மறுவாரமே வீட்டார் அதன்மேல் வடாம் காயவைப்பர். அதைத் தடுக்க வழியில்லை.

வாசகர்க்கு ஒரு வேண்டுகோள். தூக்க வருபவர்கள் ஆர்வத்தில் வருகிறார்கள். சேஸிஸில் துரு வெட்டி, தகடு ஒட்டி, பெயின்ட் அடித்து முடிக்க மாதங்கள் ஆகும், வருடமும் ஆகும். அதற்குள் ஒருவர் பெங்களூர் போயிருப்பார், ஒருவருக்கு முதுகு பிடித்திருக்கும். ஆகவே தூக்கிய அன்றைக்கே, காபி டம்ளர் கையில் இருக்கும்போதே, இறக்கவும் வருவதாக ஒவ்வொருவரிடமும் வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.