வக்கீல் காக்காவின் ‘ம்’: ஒரு முன்னாய்வு

முழுநேர வக்கீல் பக்கத்தில் வியாபாரம் செய்யலாமா? இந்திய பார் கவுன்சிலின் 47ஆம் விதி: தானே நடத்தக் கூடாது. அவ்வளவுதான்.

51ஆம் விதி: பத்திரிகைக்கு எழுதலாம், பாடம் நடத்தலாம். இவற்றால் யாரும் பணக்காரராகிவிடும் அபாயமில்லை.

48ஆம் விதி: கம்பெனிக்குச் சேர்மனாகலாம், செயலாளராகக் கூடாது. 1906இல் தூத்துக்குடி வக்கீல் வ.உ.சி., பங்கு 25 ரூபாய், மூலதனம் 10 லட்சம் என்று சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, அதற்கு உதவிச் செயலாளருமானார். இன்றென்றால் விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருக்கும். அன்றைய சர்க்கார் கண்ணியமானது. கப்பலுக்காக அல்ல, ராஜதுரோகம் என்று சொல்லித்தான் 1908இல் சிறையில் போட்டு வக்கீல் சன்னதையும் பிடுங்கியது. விடுதலைக்குப் பின் அவர் வியாபாரம் செய்தார். சன்னது இல்லாததால் விதிமீறலும் இல்லை.

(மார்கோ போலோ கண்ட காயல் எங்களூர் காயல்பட்டினமா, பழையகாயலா? இதைத் தொடாத காயல்பட்டினக் கட்டுரையை ஆய்வுலகம் ஏற்பதில்லை. தொட்டாயிற்று.)

இனி 50ஆம் விதி. குடும்பத் தொழில் வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். நிர்வாகத்தில் மட்டும் கலந்துகொள்ளக் கூடாது. கொழும்புவரை ரத்தினக்கல் வியாபாரம் செய்த ஊரில் இது லேசான விஷயமா? வாப்பா மௌத்தானார், கடை மகனுக்கு வந்தது. மகனோ திருச்செந்தூர் கோர்ட்டில் வக்கீல். சாயங்காலம் கடைத் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். கடைப் பையன் நீலக்கல்லை நீட்டி, “காக்கா, இந்த வெலைக்குக் கொடுத்துரலாமா?” என்கிறான் (காக்கா: எங்களூர் வழக்கில் அண்ணன்).

“ம்.”

இது நிர்வாகமா, மூச்சா?

குறு ‘ம்’ சம்மதம். நெடு ‘ம்’ விலை போதாது. மூக்கால் வருவது, வாங்க வந்தவர் கோர்ட்டில் எதிர்க்கட்சிக்காரர் (கல் பொட்டலத்தின் பின்புறம், 2ஆம் மடிப்பு). இறுதியில் உயரும் ‘ம்’ வினா, வினா கேட்பவர் நிர்வகிப்பதில்லை, ஆகவே குற்றமில்லை (திண்ணை வாய்மொழி, அசர் தொழுகைக்குப் பின், மஃரிபுக்கு முன், சாயா ஆறுவதற்குள், மாற்றுப்பாடம்: ஆறிய பின்). கொட்டாவியோடு கலந்த ‘ம்’ பற்றிக் கருத்து வேற்றுமை உண்டு (கடைக் கணக்கு நோட்டு, கிழிந்த பக்கம், பென்சிற்குறிப்பு, எண்ணெய்க் கறையின் இடப்புறம், கறை பிற்காலத்து இடைச்செருகல் என்பாருமுளர்). ஆய்வேட்டைப் புரட்டாமலே நெறியாளர்கள் சொல்லும் ‘ம்’ இவ்வகையினதே; அதை நிர்வாகம் என்று இதுவரை எவரும் குற்றம் சாட்டியதில்லை.

வலுவான மறுப்பு ஒன்றே (உம்மா, அடுப்பங்கரைப் பதிப்பு, திருத்தப்படாதது): “இவன் வாப்பாவும் இப்படித்தான். கடன் கேட்டு வந்தவனுக்கு மட்டும் ஒரு ‘ம்’மும் வராது.”