30 டிகிரிக்காரர்

அடுக்ககத்துக்கு ஒருவர் இப்படி இருக்கிறார். ஐ.டி. வேலை, நாற்பதைத் தொடும் வயது, இடுப்பில் வலி, மனதில் காடு. சனி ஞாயிறு வந்தால் ஏற்காட்டிலோ ஏலகிரியிலோ இரண்டு மரத்துக்கு நடுவே ஹேமக் என்ற தொங்குபடுக்கையைக் கட்டித் தொங்கிவிட்டு வந்ததாகச் சொல்வார். தொங்கியதை யாரும் பார்த்ததில்லை. கட்டியதைப் பலர் பார்த்திருக்கிறோம்.

ஆளைக் கண்டுபிடிப்பது சுலபம். மரத்தைக் கண்டால் நாம் நிழலைப் பார்ப்போம், காய்த்திருக்கிறதா என்று பார்ப்போம். இவர் சுற்றளவைப் பார்ப்பார். பிறகு 13, 14 அடி தள்ளி அதற்கு ஜோடி இருக்கிறதா என்று தேடுவார். கல்யாண மண்டபத்தில் கெட்டிமேளம் கொட்டி எல்லோரும் அட்சதை போடும்போது, இவர் ஒரு தூணிலிருந்து இன்னொரு தூணுக்கு அடிமேல் அடி வைத்து அளந்துகொண்டிருப்பார்.

படுக்கையைப் பற்றி அவரிடம் பேசிப் பயனில்லை. “அதெல்லாம் 1492-ல கொலம்பஸ் பார்க்கிறதுக்கு முன்னாடியே கரீபியன் தீவுக்காரங்க சரியா செஞ்சு முடிச்சுட்டாங்க சார். மரத்துல எதை வெச்சுக் கட்டறதுங்கறதுதான் விஷயமே” என்பார். அந்த ‘எதை’க்குப் பதில் பெல்ட். பெல்ட் என்ற சொல்லை அவர் உச்சரிக்கும்போது செருப்பைக் கழற்றிவிட்டுக் கேட்கலாமா என்று நமக்கே தோன்றிவிடும்.

முதல் பாடம் கோணம். பெல்ட் கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருக்க வேண்டும். அப்படி இருந்தால் 80 கிலோ ஆள் படுக்கும்போது ஒவ்வொரு பெல்ட்டும் 80 கிலோ இழுவையைத் தாங்கினால் போதும். ‘விறைப்பாக் கட்டுவோமே’ என்று இழுத்து 10 டிகிரிக்குக் கொண்டுவந்தால், அதே ஆளுக்கு ஒவ்வொரு பக்கமும் 230 கிலோ. “போன மாசம் மொட்டை மாடியில கொடியை இழுத்துக் கட்டி ஈரப் போர்வையைப் போட்டியே, கொக்கி ஏன் பிடுங்கிட்டு வந்துச்சு? இதேதான்” என்று மனைவிக்குச் சாப்பாட்டு நேரத்தில் விளக்கினார். கொக்கியை அவர் இன்னும் மாட்டித் தரவில்லை என்பது மனைவி தரப்பு.

கோணம் பார்க்க அவரிடம் கருவி எதுவும் கிடையாது. கட்டைவிரலை மேலே தூக்கி, ஆள்காட்டி விரலைப் படுக்கை வசத்தில் நீட்டி, துப்பாக்கி பிடிக்கிற மாதிரி கையை வைப்பார். இரண்டு விரல் நுனிகளையும் சேர்க்கும் கோடு சுமார் 30 டிகிரி. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்க்கு பார்க்காக மரங்களைச் சுடப் போய், இரண்டு வாட்ச்மேன்களுக்குப் பதில் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது பாடம் சரக்கு. பாலிப்ரொப்பிலீன் விலை மலிவு, ஆனால் வெயிலில் உளுத்துப்போகும். டைனீமா எடைக்கு எடை எஃகை மிஞ்சும், ஆனால் வழவழப்பு, முடிச்சு வழுக்கும். நைலான் நல்ல வலுதான்; கனம் ஏறினால் நீளும், நனைந்தால் இன்னும் நீளும். ராத்திரி பத்து மணிக்கு இடுப்பு உயரத்தில் படுத்தவர் விடியற்காலை பனியில் தரையைத் தொட்டு எழுந்திருப்பார். ஆகவே பாலியெஸ்டர். வீட்டில் இதை ஒழுங்காகக் காது கொடுத்துக் கேட்டவர் அவருடைய அம்மா ஒருவர்தான். மூன்று பிள்ளைகளைத் தூளியில் போட்டு வளர்த்தவர், “ஈரம் பட்டா தொஞ்சுடுமேடா?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மகனுக்குக் கண் கலங்கிவிட்டது. நைலான் தண்ணீரை எப்படி உறிஞ்சுகிறது என்று ஆரம்பத்திலிருந்து சொல்லி முடித்து நிமிர்ந்து பார்த்தபோது அம்மா தூங்கிப்போயிருந்தார்.

பாலியெஸ்டர் என்று முடிவானதும் மனிதர் புதுப்பேட்டைக்குக் கிளம்பினார். கார் சீட் பெல்ட் பாலியெஸ்டர் நெசவு. கிட்டத்தட்ட இரண்டு அங்குல அகலம். டன் கணக்கில் தாங்கும். பழைய வண்டிகளை உரித்துப் போட்டிருக்கும் கடையில் ஏறி, பெல்ட்டை விரலிடுக்கில் உருவி, ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எந்த வண்டிக்கு சார்?”

“மரத்துக்கு.”

கடைக்காரர் கையில் இருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். “மரம் எங்க சார் போவுது?”

நம்மவர் அதைக் காதில் வாங்கவில்லை. “இது ஆக்சிடென்ட் ஆன வண்டியோட பெல்ட்டா?” மோதலில் ஒருமுறை ஆளை இழுத்துப் பிடித்த பெல்ட் உள்ளுக்குள் நீண்டு நைந்திருக்கும், அதை நம்பக் கூடாது. நியாயமான கேள்விதான்.

“ஆவாத வண்டி இங்க இன்னாத்துக்கு சார் வருது?”

வெறுங்கையோடு திரும்பி, கடைசியில் மீட்டர் கணக்கில் புது பெல்ட்டே வாங்கினார். ஒரு மரத்துக்கு மூன்று மீட்டர். ரெடிமேடாக விற்பதில் ஜாணுக்கு ஒரு வளையம் தைத்திருக்கும். அதில் இந்த வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் நடுவே நிறுத்த முடியாது என்பது அவர் மனக்குறை. அந்த நாலு விரற்கடையில்தான் அவருடைய 30 டிகிரி இருக்கிறதாம்.

வெட்டிய முனை பிரியாமலிருக்க நெருப்பில் காட்டி உருக்க வேண்டும். சாமி அறைத் தீப்பெட்டியை எடுத்து அங்கேயே உட்கார்ந்து காட்டினார். அன்று சாம்பிராணி போட்டும் பலிக்கவில்லை. முனையை மடித்துக் கண்ணி தைக்க, பை தைக்கும் கடைக்குக் காகிதத்தில் வரைபடத்தோடு போனார்: நாலு பக்கமும் பெட்டி, நடுவில் குறுக்கே பெருக்கல் குறி, பருத்தி நூல் கூடாது. கடைக்காரர் படத்தைப் பார்த்தார். தைத்துக்கொண்டிருந்த ஸ்கூல் பையின் தோள்பட்டையைத் திருப்பிக் காட்டினார். அதே பெட்டி, அதே பெருக்கல் குறி. எல்.கே.ஜி. பிள்ளை தினமும் தூக்கிப்போவது.

பெல்ட் தயாராகி, மனைவி, மைத்துனன் சகிதம் ஏலகிரி போனார்கள். அந்த மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கும் தமிழ்ப் புலவர்கள், கடையெழு வள்ளல்கள் பெயர்களை வைத்திருக்கிறார்கள். பாரி வளைவு வந்ததும் நம்மவருக்கு உணர்ச்சி பொங்கிவிட்டது. “முல்லைக் கொடிக்குத் தேர் கொடுத்தான். நான் மரத்துக்கு ரெண்டு அங்குலம் கொடுக்கிறேன்.” மெல்லிய கயிறென்றால் கனம் ஏறியதும் பட்டையை அறுத்து, அதற்கு அடியில் மரத்தின் சாறு ஓடும் உயிருள்ள பகுதியை நசுக்கிவிடும், அகலமான பெல்ட் பாரத்தைப் பரப்பிவிடும். சொன்னது அத்தனையும் உண்மை. அப்போது வண்டி ஓட்டிக்கொண்டிருந்தவரும் அவரே என்பதுதான் மற்றவர்களுக்குக் கவலை.

டென்ட் போட்டுத் தங்கிய தோட்டத்தில் மரத்துக்குப் பஞ்சமில்லை. முருங்கை பார்த்த மாத்திரத்தில் தள்ளுபடி. தென்னையடியில் படுப்பவன் தேங்காய்க்குத் தலை கொடுப்பவன். மாமரத்தில் முசுறு. பெரிய பலா ஒன்று தேறியது. ஆனால் அதன் உச்சியில் காய்ந்த கிளை. இப்படியே தோட்டத்தை இரண்டு சுற்று வந்து, இருட்டும் நேரத்தில் இரண்டு சில்வர் ஓக் மரங்களை ஆள் உயரத்தில் பிடித்தார். கட்டினார், சுட்டுப் பார்த்தார், அவிழ்த்தார், ஒரு விரற்கடை ஏற்றிக் கட்டினார். “லோடு வெச்சுப் பார்க்கணும், ஒரு நிமிஷம் படு” என்று மைத்துனனைக் கூப்பிட்டார்.

அவன் படுத்தான். தூங்கினான். காலையில்தான் எழுந்தான்.

நம்மவர் டார்ச் லைட்டோடு இரவு முழுக்க இரண்டு மரத்துக்கும் நடந்துகொண்டிருந்தார். பெல்ட் நழுவவில்லை, நீளவில்லை. நடுச்சாமத்தில் மைத்துனன் மட்டும் குளிருது என்று முனகினான். ஹேமக்கில் குளிர் முதுகுப்பக்கம்தான் ஏறும். மயிலுக்குப் போர்வை தந்த பேகனும் இதே மலைப்பாதையில் ஒரு வளைவாக இருப்பதால், நம்மவர் தன் போர்வையை அடியில் கட்டிவிட்டு டென்ட்டுக்குள் வெறும் பாயில் சுருண்டார்.

காலையில் மைத்துனன் சோம்பல் முறித்தான். “அருமையான தூக்கம் மாமா. ஆமா, இந்தக் கயிறு எங்க வாங்கினீங்க?”

கயிறு! மலை இறங்கி முடிக்கும்வரை அவர் வாயைத் திறக்கவில்லை. ஆம்பூரில் பிரியாணிக்கு நிறுத்தினார்கள். இலை போட்டு, பிரியாணி வந்து, தால்ச்சாவும் வந்துவிட்டது, ஆளைக் காணோம். மைத்துனன் எழுந்து வெளியே போய்ப் பார்த்தான். கடை வாசலில் நின்ற லாரியில், தார்ப்பாய்க்கு மேல் இழுத்துக் கட்டியிருந்த ஆரஞ்சு நிற பெல்ட்டை மாமா விரலிடுக்கில் உருவிக்கொண்டிருந்தார். டிரைவர் பல்குச்சியோடு பக்கத்தில் நின்று, “நைலானா பாலியெஸ்டரா, எனக்கு எப்படி சார் தெரியும்? ஓனரைக் கேட்டுச் சொல்றேன்” என்று போனை எடுத்துக்கொண்டிருந்தார்.