நாலு டப்பாவும் ஒரு சிவப்பு மாத்திரையும்

வா பேராண்டி, உக்காரு. பையில இன்னா கலகலங்குது? நாலு டப்பா சத்து மாத்திரையா! மூடி வேற தங்கக் கலர்ல மின்னுது. 2001ல தங்கவயல் சுரங்கத்தை இழுத்து மூடினப்புறம் இந்தப் பக்கம் தங்கத்தை இப்படி மூடியிலதான் பாக்க முடியுது. விலையைச் சொல்லிடாதே, எனக்கு பிபி இருக்கு.

இது ஹைதர் அலி பொறந்த பூதிகோட்டைடா. அந்த ஆளு ராகிக் களியைத் தின்னுட்டே வெள்ளைக்காரனை விரட்டினான்னு உன்கிட்ட ஒரு கதை விடலாம்னுதான் பாத்தேன். ஆனா அவனும் 1782ல முதுகுல ராஜபிளவை வந்துதான் போய்ச் சேர்ந்தான். அதனால ராகி தின்னா சாவே வராதுன்னு நான் சொல்ல வரல. 100 கிராம் ராகியில சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கு. அதே எடைப் பால்ல அதுல பாதிகூடத் தேறாது. ராகியில இருக்கிறது அத்தனையும் உடம்புல ஒட்டாதுதான், ஒத்துக்கிறேன். அதுக்காக ரெண்டு உருண்டையை உள்ள தள்ளிட்டு, மேல கால்சியம் மாத்திரையும் போட்டு ஏப்பம் விடணுமா?

முட்டி வலிக்குதுன்னா மொதல்ல வீட்டு போர்வெல் தண்ணியைக் குடுத்துச் சோதி. நம்ம கோலார் ஜில்லாவுல பல ஊர்த் தண்ணியில ஃப்ளோரைடு ஜாஸ்தி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினதை வருஷக்கணக்கா குடிச்சா பல்லுல பழுப்பு ஏறும், இன்னும் கூடிப்போனா எலும்பே விறைச்சுக்கும். அதைக் கழுவுற மாத்திரை உன் டப்பாவுல இருந்தா காட்டு, நானும் ஒண்ணு வாங்கிக்கிறேன்.

உனக்கு வைட்டமின் டி கொறச்சலாம்! சாம்பியன் ரீஃப் சுரங்கத்துல 3 கிலோமீட்டர் கீழ இறங்கின உன் கொள்ளுத்தாத்தனுக்கே ஷிஃப்ட் முடிஞ்சா வெயில் கெடச்சுது. நீ இருட்டுல ரயிலேறி, பெங்களூர்ல ஏசிக்குள்ள பூந்து, இருட்டுல திரும்பி வர்றே. சரி, ரத்தத்துல பாத்து கொறைன்னா போடு. ஆனா அந்த 60,000 யூனிட்டு வாரம் ஒண்ணுதான், அதுவும் டாக்டர் சொன்ன அளவுக்குத்தான். தினம் ஒண்ணுன்னு முழுங்கினா ரத்தத்துல கால்சியம் ஏறி கிட்னியில போய் உக்காரும். பி-யும் சி-யும் ஜாஸ்தியானா பெரும்பாலும் மூத்திரத்துல போயிடும், பைசாதான் நட்டம். ஏ, டி, ஈ, கே நாலும் கொழுப்புல தங்குற ஜாதி. வாடகைக்கு வந்து வீட்டையே எழுதி வாங்கிக்கிற ஆளுங்க.

இது இன்னா, பீட்டா கரோட்டின்? சிகரெட்டுக்கு ஈடு கட்டவா? பின்லாந்துல 29,000 பேருக்கு மேல புகை பிடிக்கிற ஆம்பளைங்களை வெச்சு சோதிச்சு 1994ல சொன்னாங்க: இதைத் தின்னவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடவே வந்துதாம். வாயில புகை, வயித்துல இது... நல்ல ஜோடிடா! கேரட் தின்னு, அதுல வம்பு இல்ல. இந்த பயோட்டின் முடிக்கா? உங்க அப்பன் தலையைப் பாத்துமா உனக்கு நம்பிக்கை? தைராய்டு டெஸ்டுக்குப் போறப்ப இதைத் தின்றதைச் சொல்லிடு, ரிசல்ட்டையே தப்பாக் காட்ட வெச்சுடும்.

சிரிக்காதே, நானும் ஒண்ணு போடறேன். சுகருக்கு மெட்பார்மினை ரொம்ப வருஷம் தின்னா பி12 இறங்கும். கால் மதமதன்னு இருந்துது, ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, கொறைச்சல்னாங்க, மாத்திரை குடுத்தாங்க. கறி, முட்டை, பால் எதையும் தொடாதவங்களுக்கும் இதே கதைதான். எனக்கு இன்னா கொறைன்னு தெரிஞ்சு முழுங்கறேன். நீ எதிர் சீட்டுக்காரன் முழுங்கறான்னு முழுங்கறே.

சரி, கிட்ட வா, மெதுவா கேளு. உம் பொண்டாட்டி முழுகாம இருக்காளே, ஆஷாம்மா குடுத்துட்டுப் போன சிவப்பு மாத்திரை எங்க? ஜன்னல் ஓரத்துல தூசி படிஞ்சு கெடக்குது, நேத்து பாத்தேன். 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் போலிக் ஆசிட், 180 நாளைக்குத் தினம் ஒண்ணு. இந்த வீட்டுல சத்து மாத்திரை நெஜமா வேணுங்கிற ஆளு அவதான். ஓசியில வந்துதுன்னு அது ஜன்னல்ல. உன் மயிருக்கு வாங்கினது பையில, தங்கக் கலர் மூடி போட்டு! வெளிக்குக் கறுப்பாப் போகுதுன்னு பயந்து நிறுத்தினாளாம். இரும்பு தின்னா அப்படித்தான் போகும்னு பக்குவமா சொல்லு. காப்பி டீயோட வேணாம், எலுமிச்சைத் தண்ணியோட போடட்டும். கால்சியம் மாத்திரையை வேற வேளைக்குத் தள்ளு. ரெண்டும் சேர்ந்தா இரும்பு உள்ள ஏறாது. வயித்தைப் பொரட்டினா நர்ஸம்மாகிட்ட கேக்கட்டும், தானா நிறுத்த வேணாம்.

நீ காலையில கெளம்பு, ரயிலு காத்துக்கிட்டு இருக்காது. டப்பா நாலும் இங்கயே இருக்கட்டும். மூடி நல்லா இறுக்கமா இருக்குது, உங்க பாட்டி பெருங்காயம் போட்டு வைக்க ஒரு மாசமா டப்பா தேடறா.