பர்ஸுக்கு முன் டேப்!

கேள்வி: வீட்டுக் கம்ப்யூட்டரில் பிரவுசர் அடிக்கடி உறைந்து நின்றுவிடுகிறது. புதுசு வாங்கிவிடலாமா?

பதில்: பர்ஸைத் திறக்கும் முன் டேப்களை மூடுங்கள்! 4 ஜிபி ராமில் முப்பது டேப் என்பது ஒற்றை அறை வீட்டில் கல்யாணப் பந்தி. குரோம் என்றால், ஷிஃப்ட்டையும் எஸ்கேப்பையும் சேர்த்து அழுத்துங்கள். அதன் டாஸ்க் மேனேஜர் வரும். மெமரியை விழுங்கும் டேப்பை அங்கேயே நிறுத்தலாம்.

அடுத்து, இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து பாருங்கள். நீங்கள் அனுமதிக்காத எக்ஸ்டென்ஷன்கள் அதில் இயங்காது. அங்கே ஒழுங்காக ஓடினால், குற்றவாளி பெரும்பாலும் ஏதோ ஓர் எக்ஸ்டென்ஷன்தான். ஒவ்வொன்றாக அணைத்துப் பிடியுங்கள்.

அப்போதும் உறைந்தால், செட்டிங்ஸில் சிஸ்டம் பகுதிக்குப் போய் கிராஃபிக்ஸ் ஆக்சிலரேஷனை அணைத்து, குரோமை மறுபடி தொடங்குங்கள். எதற்கும் மசியாவிட்டால் ராமைக் கூட்டுங்கள். புதுக் கம்ப்யூட்டர் கடைசி வழி.