பொய் மீனுக்குப் பூச்சு

என்ன பேராண்டி, ஏப்ரல் 15 வந்து தடைக்காலம் தொடங்கிட்டா கோட்டுச்சேரிமேட்டுல ஒருத்தன் வலை பொத்துவான், ஒருத்தன் எஞ்சினைப் பிரிப்பான். நீ கல்யாண முருங்கைக் கட்டையைச் சீவித் தூண்டிலுக்குப் பொய் மீன் பண்றே. கொண்டா பார்ப்போம். அடடா, கண்ணென்ன, செதிலென்ன! மேலே பூசின எபாக்சிதான் என் கட்டைவிரல் ரேகையை அப்படியே வாங்கிக்குது. போன வாரம் பூசினதுன்னா சொன்னே?

ஃபைபர் போட்டுக்கு ஒட்டுப் போட்டுப் பழகின கையாச்சே! அந்த ரெசின் பாலியஸ்டர். ஹார்டனர் ரெண்டு சொட்டு கூட விட்டா சுருக்கா இறுகும். எபாக்சிகிட்ட அந்தப் பருப்பு வேகாது. அது ஹார்டனரோட ஜோடி சேர்ந்தாத்தான் இறுகும். மிச்ச ஹார்டனர் பொண்ணு கிடைக்காத மாப்பிள்ளை மாதிரி உள்ளேயே சுத்திகிட்டு கெடக்கும். டப்பாவுல போட்ட அளவு எடையா, கொள்ளளவான்னு பார்த்து ஊத்து. ஓரத்தையும் அடியையும் வழிச்சு மெதுவா கலக்கு. இன்னொரு கப்புக்கு மாத்தி மறுபடியும் கலக்கு. இந்தச் சித்திரை வெயில்ல நிறைய கலந்து வெச்சியோ, கப்பே கையைச் சுடும், புகையும்.

பெயிண்டுக்கு முன்னாடியே வெறுங்கட்டைக்கு மெல்லிசா ஒரு பூச்சு கொடு. இல்லேன்னா மரத்துக்குள்ள இருக்கற காத்து கொப்புளமா கிளம்பும். மத்தி வறுவல் தின்ன கையால தொடாதே. எண்ணெய் பட்ட இடத்துல பூச்சு ஒட்டாம விலகிப் பள்ளம் விழும்.

பூசினதை ஆணியில மாட்டிட்டுத் தூங்கப் போயிட்டே, துரை! மொத்தமும் வாலுக்கு இறங்கி முத்தாத் தொங்குது. உள்ளே ரெண்டு கொசு, ஒரு சிட்டிகை மணல். கொடுவாவுக்குக் கொசு பிடிக்கும்னு யார் சொன்னா? காயலான் கடையில பழைய மைக்ரோவேவ் தட்டைச் சுத்தற மோட்டார் கிடைக்கும். அதுல மாட்டி, இறுகற வரைக்கும் சுத்தவிடு. மேலே அட்டைப்பெட்டி கவுத்துடு.

பின்லாந்துக்காரர் லௌரி ரப்பாலா 1936ல தக்கையைச் செதுக்கி, சாக்லேட் தாளைச் சுத்தி, போட்டோ நெகடிவை உருக்கிப் பூசினாராம். அதையும் மீன் கடிச்சுது. மினுமினுப்பைப் பார்த்து மயங்கறது நீதான், மீனில்ல. பூச்சு எதுக்குன்னா, சீலா பல்லு பட்டாலும் உப்புத்தண்ணி உள்ளே போகக் கூடாது. போனா கட்டை ஊதி, பெயிண்ட் வெடிச்சுடும்.

சரி, இந்தப் பிசுக்கைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டு மறுபடி பூசு. கையுறை மாட்டிக்கோ, தோல் அரிக்கும். அரசலாறு முகத்துவாரத்துல கொடுவா மாட்டினா தலை எனக்கு, சொல்லிட்டேன்.