நாளைய முதலாளி

இரவு ஷிப்ட் முடிந்த காலை ஏழரை மணி. பிறை தொழிற்பேட்டைப் பக்கத்து ஒட்டுக்கடை ஒன்றில், கழுத்தில் தொங்கும் கம்பெனி அட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார் நாளைய முதலாளி. தே தாரிக் வந்ததும் பேச்சும் வந்துவிடும். "இந்த வருஷம் போனஸ் வாங்கின கையோட லெட்டர்தான் தம்பி. இருபத்து நாலு மணி நேர நோட்டீஸ், அவ்வளவுதான்!" பக்கத்து மேசைக்காரர் தலையாட்டுவார். போன வருஷமும் அவர்தான் ஆட்டினார்.

இருபத்து நாலு மணி நேரம் என்பது வீரவசனம். ஒப்பந்தத்தில் வேறு ஏதும் எழுதியிருந்தாலொழிய, ஐந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர் எட்டு வார நோட்டீஸ் தரவேண்டும்; இல்லாவிட்டால் அந்தச் சம்பளத்தைக் கையிலிருந்து கட்டிவிட்டுப் போகவேண்டும். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. நாளைய முதலாளிக்கு இது நன்றாகத் தெரியும். மேசையில் சொல்லமாட்டார்.

வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். டெக்னீசியன் அல்லது லைன் லீடர். முதலில் கார் கழுவும் கடை என்றார். பிறகு பசார் மாலாமில் புட்டு மாயம், பிறகு சொந்தமாக ஒரு லோரி. இப்போது நாசி கண்டார். திட்டம் மாறினாலும் கடைப்பெயர் மாறவில்லை. மகள் பெயரில் பெயர்ப்பலகையின் படம் மூன்று வருஷமாகக் கைப்பேசியில் தயாராக இருக்கிறது. சந்தை ஆய்வுக்கும் குறைவில்லை. 2019 ஜனவரியிலிருந்து பினாங்குப் பாலத்தில் மோட்டார் சைக்கிளுக்கு டோல் கிடையாது. ஆகவே ஓய்வுநாள்தோறும் கடல்மேல் ஏறி ஜார்ஜ்டவுன் போய், கறிகளைக் கலந்து ஊற்றச் சொல்லிச் சாப்பிட்டு ஆராய்ந்துவிட்டு வருகிறார். இதுவரை ஆய்வில் வளர்ந்தது அவர் வயிறு.

யாராவது சந்தேகப்பட்டால் டோனி பெர்னாண்டஸ் வந்துவிடுவார். "மனுஷன் வேலையை விட்டுட்டு ஒரே ஒரு வெள்ளிக்கு விமானக் கம்பெனியே வாங்கினாரே!" உண்மைதான். வார்னர் மியூசிக்கில் பெரிய பதவியில் இருந்தவர் 2001இல் ஏர் ஏசியாவை ஒரு வெள்ளிக்கு வாங்கினார். கூடவே ஏறத்தாழ 4 கோடி வெள்ளிக் கடனையும் தலையில் ஏற்றிக்கொண்டார், வீட்டை அடமானம் வைத்தார். ஒட்டுக்கடைக்கு வந்து சேர்வதற்குள் அந்தக் கடன் கதையிலிருந்து எப்படியோ கழன்றுவிடுகிறது.

நாசி கண்டார் உதாரணமும் அவருக்குக் கைகொடுப்பதில்லை. தமிழகத்திலிருந்து வந்த முஸ்லிம்கள் காவடிபோல் தோள்கம்பின் இரு முனையிலும் சோற்றையும் கறியையும் சுமந்து, துறைமுகக் கூலிகளுக்கு விற்றுத் தொடங்கிய தொழில் அது. 1907இல் தொடங்கி இன்றும் கேம்பல் ஸ்திரீட்டில் நடக்கும் ஹமீதியாவும் அந்த மரபில் வந்த கடைதான். வேலையை விடுவதா வேண்டாமா என்று அந்தத் தோள்கம்புக்காரர்கள் தூக்கம் கெட்டிருக்க வழியில்லை. விடுவதற்கு அவர்களிடம் வேலை ஏது, சம்பளச் சீட்டு ஏது?

இவரிடம் இருக்கிறது. அதுதான் இவரைக் கட்டிப்போட்டிருக்கிறது. அடிப்படைச் சம்பளம் 3,000 வெள்ளி என்றால் சேமநிதிக்கு இவர் பங்கு 11 சதவீதம், கம்பெனி பங்கு 13 சதவீதம். அதாவது மாதம் 390 வெள்ளியைக் கேட்காமலே யாரோ கட்டுகிறார்கள். சொந்தக் கடையில் அந்த யாரோ இவர்தான். இதில் சொக்சோ, மருத்துவ விடுப்பு, ஒன்றரை மடங்கு ஓவர்டைம் எல்லாம் சேரவில்லை. 2024 மே மாதம் சேமநிதியில் எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கணக்கு ஒன்று திறந்ததும், "முதல் கிடைச்சிருச்சு!" என்று துள்ளினார். மொத்தச் சந்தாவில் பத்தில் ஒரு பங்குதான் அங்கே சேரும். இவர் கணக்கில் மாதம் 72 வெள்ளி. அந்த முதல் ரோட் டேக்ஸாகவும் மகளின் பள்ளிக் காலணியாகவும் முதலீடு செய்யப்பட்டுவிட்டது.

ஆகவே இப்போது அவர் காத்திருப்பது வி.எஸ்.எஸ் என்னும் விருப்ப விலகல் திட்டத்துக்கு. தானாக ராஜினாமா செய்தால் வேலைக் காப்புறுதித் திட்டத்தில் ஒரு காசு வராது. கம்பெனியே ஆள் குறைத்தாலோ, விருப்ப விலகல் தந்தாலோ முதல் மாதம் காப்புறுதிச் சம்பளத்தில் 80 சதவீதம், அடுத்த மாதம் 50 என்று இறங்கி ஆறாம் மாதம் 30 வரை உதவித்தொகை உண்டு. ஆள்குறைப்பென்றால் 1980ஆம் ஆண்டு விதிப்படி, ஐந்து வருஷம் தாண்டியவருக்கு வருஷத்துக்கு 20 நாள் சம்பளம் வேறு. இவருடைய 18 வருஷத்துக்கு 360 நாள்! கம்பெனிக்கு லேசாகக் காய்ச்சல் வரட்டும், ஆனால் போனஸுக்குப் பிறகு வரட்டும் என்று தண்ணீர்மலை முருகனிடம் வேண்டிக்கொள்ளும் பக்தர் இவர் ஒருவராகத்தான் இருக்கமுடியும். ஆர்டர் குவிகிறது என்று கம்பெனி அறிவித்த அன்று மேசையில் ஒருவரோடும் பேசவில்லை.

அவரைக் கோழை என்று கேலி செய்கிறவர்கள் உண்டு. அப்படிச் சொல்பவர்கள் அந்தச் சம்பளச் சீட்டைக் கூட்டிப் பார்த்ததில்லை. பிறையில் மனத்தைரியத்தை மட்டும் நம்பிக் கடை திறந்து, ஆறே மாதத்தில் வாடகைக்கு முன்பணம் தேடியவர்களைவிட இவர் தெளிவானவர். குறை ஒன்றுதான்: இந்தக் கணக்கை ஒட்டுக்கடையில் மட்டும் மறந்துவிடுகிறார்.

இதற்கிடையில் அவர் வீட்டம்மா யாரிடமும் பேசாமல், வருஷத்துக்கு 60 வெள்ளி கட்டி எஸ்.எஸ்.எம்மில் வியாபாரத்தைப் பதிந்துகொண்டு, தட்டைக்கும் முறுக்குக்கும் வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுக்கத் தொடங்கிவிட்டார். உணவு கையாளும் வகுப்புக்குப் போனதும் டைபாய்டு ஊசி போட்டுக்கொண்டதும் அவர்தான். "ஏங்க, கடை அப்புறம் திறக்கலாம். இந்த நாலு டின்னையும் சாய் லெங் பார்க்ல கொடுத்துட்டுப் போய்ப் படுங்க" என்பார். நாளைய முதலாளி மறுபேச்சில்லாமல் மோட்டாரை எடுப்பார்.

உங்களுக்கும் தீபாவளிக்கு முறுக்கு வேண்டுமென்றால் ஒரு மாதம் முன்பே சொல்லிவையுங்கள். டெலிவரி அவருடைய ஷிப்ட் அட்டவணையைப் பொறுத்தது.